வாங்குகிறவர் தாமதித்தால் யார் கட்டுவது?

ராணுவக் கொள்முதலில் சரக்குத் தருகிறவர் தாமதித்தால் வாரத்துக்கு அரை சதவீதம் பில்லில் பிடிப்பார்கள். இது நெடுநாள் வழக்கம். 2025 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கொள்முதல் கையேடு இதைத் தளர்த்தியிருக்கிறது. உள்நாட்டில் புதிதாக உருவாக்கும் பொருளென்றால், உருவாக்கும் காலத்தில் அபராதம் இல்லை. மாதிரி தயாரான பிறகும் 0.1 சதவீதம்தான். கோவை கணபதியில் சிஎன்சி பட்டறை நடத்தும் எனக்கு இது பெரிய ஆறுதல், மனதார வரவேற்கிறேன்.

ஆனால் வாங்குகிறவர் தாமதித்தால்?

ஒருமுறை எஃகு புஷ் கடைந்து கொடுக்கும் ஆர்டர் எடுத்தோம். பத்து மைக்ரானுக்குள் அளவு நிற்க வேண்டும். நின்றது. சோதனைச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி, துருத்தடுப்புத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். இன்ஸ்பெக்ஷன் முடிந்தால்தான் சரக்கு வெளியே போகும். அதிகாரி வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றுக்கு எஃகு தாங்காது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, எண்ணெய் தடவி மறுபடி சுற்றினோம். "இன்னும் ஆளு வரலீங்களாண்ணா?" என்று ஆபரேட்டர் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். நல்ல சட்டம். ஆனால் கணக்கு தொடங்குவது சரக்கு கைமாறிய பிறகு. பட்டறையிலேயே சோதனைக்குக் காத்துக் கிடக்கும் நாள்கள் அதற்குள் வருவதே இல்லை. வட்டியைக் கேட்டு வாங்கவும் எங்களில் பலருக்குத் துணிவில்லை. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம்.

இத்தனைக்கும் இங்கே வாய்ப்புக்குக் குறைவில்லை. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. கோவைத் தொழில் அமைப்பான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையம் இங்கே இருக்கிறது. பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. பம்பும் கிரைண்டரும் செய்து பழகிய கைகளுக்கு மைக்ரான் வேலை புதிதல்ல. எங்களிடம் இல்லாதது காத்திருக்கும் சக்தி. பெரிய கம்பெனி ஆறு மாதம் தாங்கும். நான்கு மெஷின் வைத்திருப்பவர் மூன்றாவது மாதமே ஒரு மெஷினை விற்பார். அப்புறம் ராணுவ டெண்டர் பக்கமே வரமாட்டார்.

கையேட்டில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன். சரக்கு தயார் என்று எழுத்தில் தெரிவித்த 15 நாளுக்குள் சோதனைக்கு வராவிட்டால், அந்த 15ஆம் நாளிலிருந்தே 45 நாள் கணக்கு ஓடட்டும். கெடு தாண்டினால், நாங்கள் கேட்காமலே வட்டி பில்லோடு சேர்ந்து வரட்டும்.