கம்ப்யூட்டரை ஜெயித்தால் போதுமா?

"மாமா, கப் எனக்குத்தான்!"

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகன் போனில் இப்படித்தான் கத்தினான். அவனுக்குப் பதிமூன்று வயது முடிந்திருந்தது. அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ கேம் போட்டி வைத்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று மோதும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற சண்டை விளையாட்டு. போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரோடு மோதிப் பழகினான். முதலில் சுலபமான நிலை, அடுத்து நடுத்தரம், கடைசியில் மிகக் கடினமான நிலை. அதிலும் ஜெயித்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு போன்.

போட்டி நாள் வந்தது. முதல் சுற்றிலேயே தோற்றான்! மூன்றாவது மாடியில் இருக்கும், அவன் வயதே உள்ள ஒரு பெண் அவனைத் தோற்கடித்துவிட்டாள். ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ ஒழுங்கா விளையாடல மாமா! காலுக்குக் கீழே ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைச்சா. கம்ப்யூட்டர் அப்படிச் செய்யவே செய்யாது!" என்று அழாத குறையாகச் சொன்னான்.

குட்டீஸ், அவன் சொன்ன கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? 'கம்ப்யூட்டர் அப்படிச் செய்யவே செய்யாது.' அவன் தோற்ற காரணம் அதில்தான் இருக்கிறது. போட்டிக்குப் பழக வேண்டும் என்றால் கம்ப்யூட்டரோடு பழகுவதா, மனிதரோடு பழகுவதா? இரண்டும் வேண்டும். ஆனால், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கேம்தானே, இதற்கு இத்தனை யோசனையா என்று நினைக்காதீர்கள். சீனாவின் ஹாங்சோ நகரில் 2023ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். நம் நாட்டிலிருந்தும் வீரர்கள் போனார்கள். தங்கம் வென்றவர் தென் கொரியாவைச் சேர்ந்த கிம் குவான் வூ. அப்போது அவருக்கு வயது எத்தனை தெரியுமா? 44!

கம்ப்யூட்டர் எங்கே கெட்டி?

முதலில் கம்ப்யூட்டருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம்.

இந்த விளையாட்டில் 'ஹடோக்கென்' என்று ஒரு அடி உண்டு. கையிலிருந்து நெருப்புப் பந்து மாதிரி ஒன்று பறக்கும். அதைப் போட, குச்சியைக் கீழே, சாய்வாக, முன்னால் என்று வரிசையாகத் தள்ளி உடனே குத்து பட்டனை அழுத்த வேண்டும். இடப்பக்கம் நின்றால் ஒரு திசை. வலப்பக்கம் நின்றால் அப்படியே தலைகீழ். இதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும் என்றால் நூறு முறை, இருநூறு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த நண்பன் உங்களுக்காக இருநூறு முறை சும்மா நிற்பான்? கம்ப்யூட்டர் நிற்கும்! இந்த விளையாட்டுகளில் பயிற்சிக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அதில் எதிரே ஒரு பொம்மை வீரர் நிற்பார். 'உட்கார்' என்றால் உட்காருவார். 'குதி' என்றால் குதிப்பார். எதிராளியின் ஓர் அடியைப் பதிவு செய்து வைத்து, அதையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லலாம். அலுத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் தப்பு செய்தால் சிரிக்கவும் மாட்டார்.

ஒரு சின்ன யோசனை: ஒரு அடியைத் தொடர்ந்து பத்து முறை சரியாகப் போடுங்கள். எட்டாவதில் தப்பினால் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுங்கள். இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து. எங்கள் வீட்டுப் பையன் வலப்பக்கம் பழகவே இல்லை என்பது போட்டிக்குப் பிறகுதான் தெரிந்தது!

எங்கே ஏமாற்றும்?

இனி மறுபக்கம். கம்ப்யூட்டரோடு மோதி ஜெயிப்பது ஏன் சில நேரம் வீண் பெருமை ஆகிவிடுகிறது?

முதல் காரணம், அதற்குச் சில பழக்கங்கள் உண்டு. குறிப்பிட்ட தூரத்திலிருந்து குதித்து உதைத்தால் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டர் வீரர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், ஜெயித்துக்கொண்டே இருக்கலாம். என் அக்கா மகன் கண்டுபிடித்ததும் அப்படி ஒரு ஓட்டையைத்தான். ஆனால், அவன் பழகியது சண்டையை அல்ல, ஓட்டையை! மூன்றாவது மாடிப் பெண் அவன் குதிப்பதை இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை அவன் குதித்தபோது, கீழே நின்று மேல்நோக்கி ஒரு குத்து விட்டாள். பையன் தரையில்!

இரண்டாவது காரணம், கம்ப்யூட்டருக்கு நம்மிடம் இல்லாத வசதிகள் இருக்கும். 1991ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'ல் கைல் என்று ஒரு வீரர். அவருடைய சுழல் உதையை நாம் போட வேண்டும் என்றால், குச்சியைச் சற்று நேரம் கீழே பிடித்து வைத்திருந்து பிறகு மேலே தள்ள வேண்டும். கம்ப்யூட்டர் கைலாக ஆடும்போது இந்தக் காத்திருப்பே கிடையாது. நினைத்தவுடன் உதைக்கும். அதைப் பார்த்துப் பழகினால் மனிதர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த விளையாட்டில் திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. கண்ணால் ஒன்றைப் பார்த்து, விரலால் பட்டனை அழுத்த நமக்குக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். அதாவது 15 படங்கள். விரைவான சின்னக் குத்துகளோ நான்கைந்து படங்களிலேயே வந்து விழுந்துவிடும். பார்த்துவிட்டுத் தடுக்கலாம் என்றால் நடக்காது. அப்படியானால் நல்ல வீரர்கள் எப்படித் தடுக்கிறார்கள்? ஊகிக்கிறார்கள்! 'இவர் பயந்தால் பின்னால் போவார், கோபம் வந்தால் குதிப்பார், இப்போது குத்தத்தான் போகிறார்' என்று எதிரே இருப்பவரின் மனசைப் படிக்கிறார்கள்.

பயமும் கோபமும் இல்லாத கம்ப்யூட்டரிடம் இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது?

பதினைந்து அடிகள்

இதற்கு உலகமே பேசிய ஓர் உதாரணம் உண்டு. 2004ம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'ஈவோ' என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டி. ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினார்கள். டைகோவின் உயிர்க்கோடு முடி அளவுதான் மிச்சம். ஜஸ்டின் அடுக்கடுக்காக உதைகள் வரும் பெரிய அடியைப் போட்டார். சாதாரணமாகத் தடுத்தால்கூட அந்த மிச்ச உயிரும் போய்விடும். ஒரே வழிதான். ஒவ்வொரு உதை வரும் நேரத்திலும் குச்சியைச் சரியாக முன்னால் தட்டி, அதைத் தள்ளிவிட வேண்டும். பயந்து பின்னால் இழுக்கக் கூடாது.

டைகோ தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினைந்து! அப்புறம் திருப்பி அடித்து அந்த ஆட்டத்தையே ஜெயித்துவிட்டார். அரங்கம் எழுந்து நின்று கூச்சல் போட்டது.

தட்டும் தாளத்தை எந்திரத்தோடு பழகிவிடலாம். ஆனால், முதல் உதை எப்போது வரும்? அதைப் பார்த்துவிட்டுத் தட்ட நேரம் போதாது. 'இப்போது போடுவார்' என்று ஜஸ்டினின் மனசைப் படித்திருக்க வேண்டும். விரல் பாதி, மனசு பாதி!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அன்றைய இறுதி ஆட்டத்தில் டைகோ, கென்ஜி ஒபாட்டா என்ற வேறு ஒரு ஜப்பானியரிடம் தோற்றுப்போனார். அதனால் என்ன? இன்றும் எல்லாரும் அவரைக் கொண்டாடத்தான் செய்கிறார்கள்.

லாகூரிலிருந்து ஒருவர்

2019ல் ஜப்பானின் ஃபுகுவோக்காவில் நடந்த ஈவோ போட்டியில், 'டெக்கென் 7' என்ற சண்டை விளையாட்டில் ஒருவர் கோப்பை வாங்கினார். பெயர் அர்சலான் ஆஷ். ஊர், பாகிஸ்தானின் லாகூர். வெளிநாட்டு ரசிகர்களில் பலர் அதுவரை அவர் பெயரைக் கேட்டதே இல்லை. அவர் கற்றது எங்கே? ஊரிலுள்ள வீடியோ கேம் கடைகளில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களோடு ஆடி ஆடி.

ஜெயித்தவர் சும்மா இருக்கவில்லை. 'எங்கள் ஊரில் என்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள்' என்ற மாதிரி பேசினார். தென் கொரியாவின் புகழ்பெற்ற வீரர் பே ஜே மின், பட்டப்பெயர் 'நீ' (நம் 'நீ' அல்ல; ஆங்கிலத்தில் முழங்கால்!), கிளம்பி பாகிஸ்தானுக்கே போய்விட்டார். அங்கே உள்ளூர்க்காரர்கள் பலரிடம் தோற்றார். உலகப் புகழ் பெற்றவர் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் தேடிப் போனார் பாருங்கள், அதுதான் பயிற்சி! அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ இறுதி ஆட்டத்தில் மோதியது யார் தெரியுமா? அர்சலானும் இந்த 'நீ'யும்தான். அர்சலான் ஜெயித்தார்.

நம் ஊரிலும் இதே கதை சதுரங்கத்தில் நடந்திருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் சதுரங்கக் கழகத்துக்குப் போவார். அங்கே வேக ஆட்டத்தில் ஜெயித்தவர் நாற்காலியில் இருக்கலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். 2024ல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ், ஆரம்ப ஆண்டுகளில் சதுரங்கக் கம்ப்யூட்டர் மென்பொருளின் துணை இல்லாமலே பயிற்சி எடுத்தவர். முதலில் சொந்த மூளை யோசிக்கட்டும் என்பதுதான் அவருடைய பயிற்சியாளரின் எண்ணம்.

தோற்கப் பயமா?

"எங்கள் வீட்டில் எதிராளி இல்லையே, என்ன செய்வது?" என்று சிலர் கேட்பீர்கள். இப்போது சில கேம்களில் ஒருவர் ஆடுவதைப் பார்த்து அவரைப் போலவே ஆடும் கம்ப்யூட்டர் வீரர்கள் வந்துவிட்டார்கள். 2024ல் வந்த 'டெக்கென் 8'ல் இந்த வசதி உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால், ஆட்டம் முடிந்ததும் 'நீ பதறும்போதெல்லாம் குதிக்கிறே' என்று தோளில் தட்டிச் சொல்ல அதற்குத் தெரியாது. பக்கத்து வீட்டு நண்பனுக்குத் தெரியும்.

இன்டர்நெட்டில் முகம் தெரியாதவர்களோடு ஆடலாமா? அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் வேண்டாம். பெயர், பள்ளி, போன் நம்பர் எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள். இந்தக் கேம்களின் உறையில் வயது குறித்திருக்கும். அந்த வயது ஆகாத குட்டிகளுக்கு இருக்கவே இருக்கிறது கேரம், சதுரங்கம். நான் சொல்வதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். எதுவானாலும் வீட்டில் சொன்ன நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். கண் எரிய எரிய ஆடிய ஆட்டம் கையில் நிற்காது.

உண்மையைச் சொல்லட்டுமா? பலர் கம்ப்யூட்டரோடு மட்டும் ஆடுவதற்குக் காரணம், எதிராளி கிடைக்காதது அல்ல. தோற்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நிம்மதி! பட்டனைத் தட்டினால் தோல்வி மறைந்துவிடும். மனிதரிடம் தோற்றால் மறுநாள் படிக்கட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அது கஷ்டம்தான். ஆனால், போட்டியன்று வரப்போவது அந்தக் கஷ்டம்தானே? அதற்கும் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

அக்கா மகன் ஒரு வாரம் கன்ட்ரோலரைத் தொடவில்லை. எட்டாவது நாள் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய், அந்த வீட்டு மணியை அடித்தானாம். கதவைத் திறந்த பெண்ணிடம், "அந்தக் கீழ் உதையை எப்படித் தடுக்கிறதுன்னு சொல்லித் தர்றியா?" என்று கேட்டிருக்கிறான்.

"குனிஞ்சு தடுக்கணும். நீ நின்னுக்கிட்டே தடுத்தே. அதான் திரும்பத் திரும்ப அதையே உதைச்சேன்" என்றாளாம் அவள்.

இப்போது வாரம் ஒரு நாள் இருவரும் ஆடுகிறார்கள். பத்து ஆட்டத்தில் ஆறு ஏழு அவள்தான் ஜெயிக்கிறாளாம். "கம்ப்யூட்டரை ஜெயிச்சப்போ வந்ததைவிட, அவகிட்ட மூணு ஜெயிக்கிறப்போ ரொம்ப சந்தோஷமா இருக்கு மாமா" என்கிறான்.

குட்டீஸ், விரலை எந்திரத்தோடு பழக்குங்கள். மனசை மனிதரோடு பழக்குங்கள். சரி, உங்களை எப்போதும் தோற்கடிக்கிற அந்த ஒருவர் யார்? இன்று சாயங்காலம் அவர் வீட்டு மணியை அடித்துப் பாருங்களேன்!