பிரேக் இல்லாத பைக்!



பிரேக்கே இல்லாத பைக்கைப் பார்த்திருக்கிறீர்களா? 'ஸ்பீட்வே' என்று ஒரு பந்தயம் இருக்கிறது. அதில் ஓடும் 500 சி.சி. பைக்குக்கு பிரேக் கிடையாது. ஒரே ஒரு கியர்தான். முட்டை வடிவ மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று ஓட்ட வேண்டும். வளைவு வந்தால் பைக்கைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத் திருப்புவார்கள்.

ஜெர்மனி வீரர் எகோன் முல்லர், 1983ல் தன் நாட்டின் நார்டன் நகரில் நடந்த உலக இறுதிப் போட்டியில், ஐந்து ஓட்டங்களிலும் முதலாவதாக வந்தார். 15க்கு 15 புள்ளிகள் பெற்று உலக சாம்பியன் ஆனார்.

பிரேக் இல்லாமல் எப்படித் துணிந்து ஓட்டுகிறார்கள்? அந்தத் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில்தான் போவார்கள். எதிரே பஸ் வராது. குறுக்கே பாட்டி வரமாட்டார், கன்றுக்குட்டி ஓடாது.

ஊர்கள் வழியே போகும் பந்தயம் என்றால்? கேரளாவின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, நம் ஓசூர் டி.வி.எஸ்., பங்கு பெற்ற அணிக்காக 'டக்கார் ராலி'யில் ஓட்டியவர். சவுதி அரேபியப் பாலைவனத்தில் இரண்டு வாரம் நடக்கும் கடினமான பந்தயம் அது. 2021ல் 20வது இடம் பிடித்தார். 2024ல் 11வது இடம். 'ராலி-2' பிரிவில் முதலிடம்! டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவரே. 2025ல் தொடக்க ஓட்டத்திலேயே விழுந்து, மணிக்கட்டு முறிந்து வெளியேறினார். அத்தனை பயிற்சி பெற்றவருக்கே இந்த நிலை.

டக்காரில் ஒரு விதி உண்டு. மக்கள் நடமாடும் பகுதி வந்தால், வேகத்தைக் குறைக்க வேண்டும். மீறினால், தண்டனையாக நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். உலக வீரரும் ஊருக்குள் மெதுவாகத்தான் போக வேண்டும்.

நம் கும்பகோணத்தைப் பாருங்கள். கோவில் வீதிகளில் கால் வைக்க இடமில்லை. அறுவடைக் காலத்தில், கிராமத்து ரோட்டில் பாதி தூரத்துக்கு நெல் காய்கிறது. அங்கே எட்டாம் வகுப்புப் பையன், அப்பாவின் பைக்கில் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறான்!

கியர் பைக் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019ல் திருத்திய சட்டப்படி, சிறுவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ, வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும், 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அபராதம் கட்டிவிடலாம், போன உயிரைத் திருப்பித் தர முடியுமா?

பைக் மீது ஆசைப்படுவது தப்பில்லை. இப்போது சைக்கிளில் பழகுங்கள். திருப்பத்தில் மெதுவாகப் போகவும், சரியான நேரத்தில் பிரேக் பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நாளை உங்களில் ஒருவர் டக்காரில் ஓட்டினால், முதலில் கை தட்டுவது நாங்கள்தான்!

இன்று யாராவது பைக் சாவியை நீட்டினால், "வேண்டாம் அண்ணா, எனக்கு இன்னும் வயசாகலை" என்று சொல்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்