குட்டிச் சட்டைக்கு எதுக்குய்யா விமான டிக்கெட்?

நம்ம ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம். ஊர்ல வீட்டுக்காரி மாசமா இருக்கான்னு தெரிஞ்சா போதும், சம்பளம் வந்த கையோட இங்க வளைகுடாவுல மாலுக்குள்ள பாஞ்சிடுவோம். கம்பளிப் போர்வை, கரடி பொம்மை போட்ட மெத்தை, குட்டி ஷூ. நடக்கவே ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள ஷூ எதுக்கு?

எனக்குப் பாறசாலைப் பக்கம். 1956 நவம்பர் 1-ல மாநிலத்தைப் பிரிச்சப்ப விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவோட நின்னுடுச்சு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொந்தக்காரங்கதான். புழுக்கமும் ஒண்ணுதான். அந்தப் புழுக்கத்துல பச்சப்புள்ளைக்கு நைலான் ஃபிராக்கை மாட்டினா வேர்க்குருதான் மிச்சம்.

புள்ளைக்கு நெஜமா வேண்டியது இவ்வளவுதான்: முன்னாடி முடிச்சுப் போடற பருத்திச் சட்டை ஆறு, வெள்ளை முண்டுத் துணி கிழிச்சது ஒரு டஜன், மெல்லிசான துவர்த்து ரெண்டு மூணு, தொப்பி ஒண்ணு ரெண்டு, ஒரு ரப்பர் ஷீட். சட்டை எப்படியும் சில வாரத்துல பத்தாமப் போயிடும்.

வேண்டாதது? தொட்டிலைச் சுத்திக் கட்டற பஞ்சு மெத்தையை மூச்சு முட்டும்னு அமெரிக்கா 2022-ல சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. சக்கரம் வச்ச நடைவண்டியைக் கனடா 2004-லயே தடை பண்ணிச்சு. பால் புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரமே கூடாதுன்னு இந்தியாவுல 1992-ல இருந்து சட்டம் இருக்கு. நாம இதையெல்லாம் 'ஃபாரின் சாமான்'னு சொல்லிப் பெட்டியில அடுக்கறோம்!

இதுல பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. திருவனந்தபுரத்துல இறங்கி அந்தப் பெட்டியோட பாறசாலைக்கு வர்ற வழியிலதான் பாலராமபுரம் இருக்கு. குழித்தறியில நெய்யற மெல்லிய பருத்தித் துணிக்குப் புவிசார் குறியீடே வாங்கின ஊர் அது. பாலராமவர்மா மகாராஜா காலத்துல, 1800-களோட தொடக்கத்துல, தமிழ்ப் பகுதியில இருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிட்டு வந்து குடியேத்தினாங்கன்னு அந்த ஊர் வரலாறு சொல்லுது. பொழப்புக்காக ஊரை விட்டு வந்த தமிழங்க நெய்யற துணியை, பொழப்புக்காக ஊரை விட்டுப் போன தமிழங்க நாம கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டுத் தாண்டிப் போறோம்.

கசவு இல்லாத சாதா முண்டு வாங்குங்க. புதுசுல கஞ்சிப்பசை இருக்கும், விறைப்பா நிக்கும். மூணு நாலு தடவை அலசி நல்ல வெயில்ல காயப் போட்டா பூ மாதிரி ஆயிடும்.

"பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினா ஆகாது"ன்னு வீட்டுல பெரியவங்க சொல்வாங்க. சண்டை போடாதீங்க. வீட்டுல இருக்கற பழைய முண்டைத் துவைச்சு மடிச்சு வச்சா அது வாங்கினதா ஆகாது. பாட்டிமாருங்க அதைத்தான் செஞ்சாங்க. அது இல்லாத கொடுமையால செஞ்சது இல்லை, பழந்துணி புள்ளையோட தோலை உறுத்தாதுங்கற அறிவு.

எனக்குக் கோபம் நம்ம காசு வீணாகறதுல இல்லை மக்கா. நம்ம பெட்டியைத் திறந்து ஊரே பாக்குது. அதுதான் அளவுகோலா மாறிடுது. முதல் பிரசவம் பொண்ணு வீட்டுச் செலவு. வளைகுடாவுல ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர், இருபத்தெட்டு கெட்டுக்கு 'அவங்க வீட்டுல வந்த மாதிரி' வேணும்னு சம்பந்தி கேட்டா, வட்டிக்குத்தான் வாங்கணும். ஒரு பச்சப்புள்ளை பேர்ல தாத்தா கடனாளி ஆகறார். அந்தக் கடனுக்கு நம்ம பெட்டியும் ஒரு காரணம்.

அடுத்த தடவை பெட்டியில அந்த எடத்தைக் காலியா விடுங்க. அந்தக் காசை வீட்டுக்காரி கையில குடுங்க, அவளுக்கு மருந்து, சாப்பாடு, ஆட்டோன்னு ஆயிரம் செலவு இருக்கு. லீவு கிடைச்சா நீங்களே போய்ப் பக்கத்துல நில்லுங்க. புள்ளைக்கு அப்பன் வேணும், கரடி பொம்மை அப்புறம் வாங்கிக்கலாம்.