பாடம் இருக்கிறது, தேடும் சொல்தான் இல்லை

லினக்ஸ் நிறுவிய கணினியில் முதன்முறையாக, ஆணைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் (டெர்மினல்) திறந்து, ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி ஆணை கொடுத்தால், அது கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டினால், உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பல பதிப்புகளில் திரையில் ஒன்றும் தெரியாது; ஒரு நட்சத்திரக் குறிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்றுதான் புதியவர் நினைப்பார். எழுத்துகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவருக்குக் கடவுச்சொல்லின் நீளம்கூடத் தெரியக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால், “அடிச்சுட்டு என்டர் தட்டுப்பா” என்று முடித்துவிடுவார். அப்படி யாரும் இல்லாத ராஜபாளையத்து மாணவர் இணையத்தில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்? லினக்ஸைத் தமிழில் கற்க இணையத்தில் ஒன்றுமே இல்லை என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. பாடங்கள் இருக்கின்றன. அவற்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள்தான் இல்லை.

2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது. து. நித்யாவின் ‘எளிய தமிழில் க்னு/லினக்ஸ்’ மின்னூலாகவே இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் ஆணைகளைச் சுமார் பத்து நிமிடக் காணொளிகளாகத் தமிழ்க் குரலில் தருகிறது. திரையின் ஒரு பாதியில் காணொளி, மறுபாதியில் முனையம் என்று வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்துபார்க்க வேண்டும். அந்தக் காணொளிகள் பழைய உபுண்டுவில் எடுத்தவை என்று குறை சொல்வார்கள். மெனுவும் வண்ணமும் மாறியிருப்பது உண்மைதான். ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், நகலெடுக்கும் சிபி ஆகிய ஆணைகள் 1971இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருந்தவை. ஐம்பது ஆண்டுகளாக மாறாததைக் கற்கப் பத்தாண்டுப் பழைய காணொளி தாராளமாகப் போதும்.

சிக்கல் தொடங்குவது சொல்லில். லினக்ஸ், விண்டோஸ் போன்றவற்றைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பாடநூலில் படிப்பது ‘இயக்க அமைப்பு’ என்று. இணையக் கட்டுரைகளில் அதுவே ‘இயங்குதளம்’. கணினிக் கடையில் கேட்டால் ‘ஓஎஸ்’. ஃபோல்டரை ஒருவர் ‘கோப்புறை’ என்கிறார், இன்னொருவர் ‘அடைவு’ என்கிறார். ஒவ்வொரு சொல்லும் தேடுபொறியில் வெவ்வேறு பக்கங்களை இழுத்துவருகிறது. பாடநூலின் சொல்லை நம்பித் தேடும் மாணவர் ‘இயங்குதளம்’ என்று எழுதப்பட்ட நல்ல கட்டுரையைக் காணாமலே தமிழில் ஏதுமில்லை என்று முடிவுகட்டிவிடுவார். மூன்று சொல்லும் வாழட்டும். ஒரே சொல்லுக்காகக் குழு போட்டுச் சண்டையிட வேண்டியதில்லை. மூன்றும் ஒன்றுதான் என்று அவருக்கு யாராவது சொன்னால் போதும்.

தமிழ்நாட்டு அரசும் லினக்ஸைப் புறக்கணிக்கவில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றிக் கொடுக்கப்பட்டது. 2018இல் வந்த புதிய பாடநூலில் உபுண்டுவுக்குச் சில பக்கங்கள் கிடைத்தன. கணினி வந்தது, பக்கங்கள் வந்தன. உட்கார்ந்து பழக நேரம் மட்டும் வரவில்லை. ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் அம்மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ்தான் ஓடுகிறது; அதில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு, பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வும் உண்டு. அங்குள்ள மாணவர் எதையும் தேடி அலைவதில்லை, பாடமே வகுப்புக்கு வந்துவிடுகிறது.

ஆணைகள் எல்லாம் ஆங்கிலம், பிறகு தமிழில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோப்பில் சொல்லைத் தேடும் ‘கிரெப்’ என்ற ஆணை எந்த ஆங்கிலேயருக்கும் தாய்மொழிச் சொல் இல்லை. பழைய எடிட்டர் ஒன்றின் கட்டளைச் சுருக்கம் அது. அதை அவர்களும் மனப்பாடம்தான் செய்கிறார்கள். அது ஏன், எப்போது என்ற விளக்கத்துக்குத்தான் தாய்மொழி வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் போயிற்று என்பது இன்றைய வாதம். அது நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் முனையத்தில் ஆர்எம் என்ற ஆணை அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். செயலி தந்த வரியை அப்படியே ஒட்டுமுன் அது என்ன செய்யும் என்று படித்தறிய அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வாதம்தான் கனமானது: ராஜபாளையத்தின் நூற்பாலைக் கணக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிகளின் கணக்கும் விண்டோஸுக்கான டேலி மென்பொருளில் ஓடினால், லினக்ஸ் கற்று என்ன பயன்? கணக்கு நாற்காலியில் பயன் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிப்பவர் வேலைக்குப் போனால் தொடப்போகும் சர்வர்களில் பெரும்பாலும் இருப்பது லினக்ஸ்தான். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்திலும் ஓடுவதும் அதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. 11க்கு மாற முடியாத கணினியை எடைக்குப் போடாமல் லினக்ஸ் ஏற்றிப் பழக எடுத்துக்கொள்ளலாம்.

செலவுள்ள யோசனை எதுவும் என்னிடம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கும் ராஜபாளையத்து நூலகங்களிலும் ஒரு பக்கத் தாள் ஒன்று தொங்கட்டும்: எந்த மின்னூலில் தொடங்குவது, எந்தக் காணொளி அடுத்து, எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு எது மாற்றுச் சொல், கடவுச்சொல் ஏன் திரையில் தெரியவில்லை. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கின்றன. கிருஷ்ணன்கோவில் மாணவர்கள் நாலு பேர் ஞாயிறு மதியம் பஸ் ஏறி வந்தால் ராஜபாளையத்திலும் அது நடக்கும். உபுண்டுவின் புதிய பதிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. தாளையும் அந்த மாதங்களில் ஒருமுறை திருத்தினால் போதும்.