துண்டுச் சீட்டும் கோடிப் பத்திரமும்

2019 ஏப்ரல் முதல் வாரம். என் அக்கா வீட்டுக்காரர் சின்னமனூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் செவ்வாழை போட்டிருந்தார். மூன்று நடை தார் வெட்டி மண்டிக்கு அனுப்பி, பாக்கி வைத்திருந்த காசையெல்லாம் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். இடுப்பில் கட்டிய துண்டுக்குள் 1,62,000 ரூபாய். வழியில் பறக்கும் படை நிறுத்தியது.

தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். மச்சான் மண்டியில் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டினார். தார் எத்தனை, எடை எவ்வளவு, கமிஷன் கழித்து எவ்வளவு என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய சீட்டு. எங்கள் பக்கம் வாழை, திராட்சை, காய்கறி எல்லாமே காலங்காலமாக அந்தச் சீட்டில்தான் கைமாறுகிறது. அது ரசீது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"வீடியோ எடுத்தாகப்பா. ரூவாயை மேசையில அடுக்கி, பக்கத்துல என்னிய நிக்கவெச்சு எடுத்தாக. களவாண்டு வந்தவனையும் இப்பிடித்தான எடுப்பாக?" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பணம் கருவூலத்துக்குப் போனது. வாங்குவதற்குத் தேனிக்கு மனுவோடு அலைந்தார். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், மண்டிக்காரரின் கடிதம். பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குள் வெட்டுக்கூலிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் சங்கிலி நகைக்கடனில் கிடந்தது. அதைத் திருப்பத்தான் அந்தக் காசில் 70,000 ஒதுக்கியிருந்தார். தவணை தப்பி, ஏல அறிவிப்பு வந்தது. அக்கா என் கையில் இருந்ததை வாங்கிப் போய் வட்டியை மட்டும் கட்டினாள்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே மாதம் 16ஆம் தேதி இரவு ஆண்டிபட்டியில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் சோதனை போட வந்தவர்களைக் கட்சிக்காரர்கள் தடுக்க, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டு, கடைசியில் 1 கோடியே 48 லட்சம் ரூபாயைக் கவர்கவராக எடுத்தார்கள். கவர் மேல் வார்டு நம்பர், ஓட்டுக்கு 300 ரூபாய் என்று கணக்கு. அதே நாள் வேலூர்த் தொகுதித் தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காக ரத்தும் செய்தார்கள். அந்தப் பணம் பிடிபட வேண்டியதுதான்.

என் வயிற்றெரிச்சல் வேறு. அந்த 2019 ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் பாரத ஸ்டேட் வங்கி கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கிற தேர்தல் பத்திரம் 2,200 கோடி ரூபாய்க்கும் மேல் விற்றிருக்கிறது. எந்தச் சாவடியிலும் யாரும் அதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமில்லை, அது சட்டப்படியான பணம். வாங்கியவர் பெயர் வெளியே வராது, கட்சி யாரிடம் வாங்கினோம் என்று தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மச்சானின் 1,62,000 எந்தத் தாரில் வந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த 2,200 கோடி யாருடையது என்று எங்கள் மச்சானுக்குத் தெரியக் கூடாது.

இந்தப் பத்திரம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 2017 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அறிவித்தார். நிதிச் சட்டத்துக்குள் செருகிப் பண மசோதாவாகக் கொண்டுபோனதால் மாநிலங்களவைக்கு மாற்றும் அதிகாரம் இல்லாமல் போயிற்று. கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்த வரம்பையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். அதாவது நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நஷ்டக் கம்பெனி எதற்காகக் கொடுக்கிறது, எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது. ரிசர்வ் வங்கியே இது கறுப்புப் பணத்தை மாற்ற உதவும் என்று முன்கூட்டி எச்சரித்தது. தேர்தல் ஆணையம் பின்னோக்கிய நடவடிக்கை என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. இரண்டையும் மீறித்தான் 2018 ஜனவரி 2ஆம் தேதி திட்டம் அமலுக்கு வந்தது.

1,000 ரூபாய்ப் பத்திரமும் உண்டு, சாதாரண ஜனமும் வாங்கலாம் என்றார்கள். விற்றதில் மதிப்பைக் கூட்டிப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையத்தில் எந்தச் சாதாரண ஜனம் அதை வாங்கியிருக்கும்?

இதில் எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று உண்டு. பத்திரம் வாங்குகிறவர் வங்கியில் அடையாள ஆவணமெல்லாம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று அச்சிட்டிருந்தது. புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் என்று 2018இலேயே ஒரு பத்திரிகையாளர் சோதித்துக் காட்டினார். ஆக, யார் வாங்கினார், எந்தக் கட்சி மாற்றிக்கொண்டது என்பதற்கான தடயம் முழுக்க வங்கியிடம் இருந்தது. வங்கி அரசாங்கத்துடையது. குற்ற வழக்குப் பதிந்தால் விசாரணை அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. கொடுப்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், ஆள்பவர் நினைத்தால் தெரிந்துகொள்ளலாம். ஓட்டுப் போடுகிறவன் ஒருவனுக்குத்தான் கதவைச் சாத்தினார்கள்.

2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு, விவரத்தைக் கொடுக்கச் சொன்ன நீதிமன்றத்திடம் வங்கி ஒரு மனு போட்டது. 22,217 பத்திரங்களின் விவரத்தைத் தேடிப் பொருத்த ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது. ஜூன் என்றால் தேர்தல் முடிந்து, எண்ணி, அரசாங்கமும் அமைந்திருக்கும். நாட்டிலேயே பெரிய வங்கி. நம் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போனாலும் அந்த நிமிஷமே போனுக்குச் செய்தி அனுப்புகிற காலம் இது. 22,217 பத்திரத்துக்கு நான்கு மாதம் என்று நீதிமன்றத்தில் நின்று சொல்ல எப்படி மனம் வந்தது? மார்ச் 11ஆம் தேதி நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரம் தேர்தல் ஆணையத்துக்குப் போய்விட்டது. எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்கு என்று பொருத்திப் பார்க்கும் எண்கள், நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகு, மார்ச் 21இல்தான் வந்தன. தேனித் தொகுதியில் வேட்புமனு வாங்கத் தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. ஐந்தாண்டுக் கணக்கைப் படித்துப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை. ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு.

வந்த பட்டியலில் முதலிடம் கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி. ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். 2003 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. எங்கள் ஊர்க் கூலிக்காரர்கள் அந்தத் தடையையும் தாண்டிக் குமுளிக்கு ஏறிப் போய்க் கேரளா சீட்டு வாங்கிக் கசக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள். அதைக் கம்பத்துக்குக் கொண்டுவந்து விற்றால் போலீஸ் பிடிக்கும். லாட்டரிக் கம்பெனியின் பணத்தில் 509 கோடி அப்போது இங்கே ஆண்ட தி.மு.க.வுக்குப் போயிருந்தது. மத்தியில் ஆளும் பா.ஜ.க. 2019 ஏப்ரல் முதல் மட்டும் 6,000 கோடிக்கு மேல் பெற்றிருந்தது, எல்லாக் கட்சிகளிலும் அதிகம். இரு தரப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கம்யூனிஸ்ட் கட்சிகள் பத்திரம் வாங்க மறுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மார்க்சிஸ்ட் கட்சி வழக்குத் தொடுத்தவர்களில் ஒன்று.

கம்பெனிக்காரன் கட்சிக்குக் கொடுத்தால் உனக்கென்ன என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கென்ன என்று சொல்கிறேன்.

தேவாரம், கோம்பை, கம்பம், போடி என்று எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்பினால் வாசலில் குழுக்கடன் வசூல் ஆள் உட்கார்ந்திருப்பார். பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. எங்கள் தெருவில் ஒரு சின்னம்மா மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த வாரத் தவணைக்கு, கூடப்பிறந்தவள் மாதிரிப் பழகியவளே அவள் வீட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனாள். கம்பெனிக்காரன் கை வைக்கவில்லை. எங்களை வைத்தே எங்கள் வீட்டுக்குள் கை வைத்தான். வட்டி இருபது சதவீதத்தைத் தாண்டும். முன்பு அந்தக் கம்பெனிகளின் வட்டிக்கு ரிசர்வ் வங்கி ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து அது கிடையாது. வட்டி எவ்வளவு என்பதைக் கம்பெனியின் நிர்வாகக் குழுவே முடிவு செய்துகொள்ளலாம், கொள்ளை வட்டியாக இருந்தால் மட்டும் பார்ப்போம் என்று விட்டார்கள். அடாவடி வசூலுக்கு எதிராக 2025 ஏப்ரலில்தான் நம் சட்டமன்றம் ஒரு மசோதா கொண்டுவந்தது. அதுவரை எத்தனை வீட்டுக் குக்கர்.

வரம்பு போனதற்கும் பத்திரத்துக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரமில்லை. போடவும் மாட்டேன். ஆனால் அந்த முடிச்சு உண்டா இல்லையா என்று பார்க்கிற வழியையே ஆறு வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு விதி மாறுகிறது. அது எங்கள் தெருவில் ராத்திரி ஏழு மணிக்குச் சண்டையாக வந்து நிற்கிறது. அந்த விதியால் லாபம் அடைந்தவர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாமல் நான் எப்படி ஓட்டுப் போடுவது?

கடனிலேயே இன்னொன்று. சென்னையைச் சேர்ந்த சிவா இண்டஸ்ட்ரீஸ் வங்கிகளுக்குத் தர வேண்டியது 4,800 கோடி ரூபாய்க்கு மேல். நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய்கூடத் தேறாத தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ள வங்கிகள் சம்மதித்தன. கம்பெனித் தீர்ப்பாயம் தடுத்தது. வங்கிகளின் வணிக முடிவில் தலையிட முடியாது என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது, நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. அப்படி எழுதியது யார்? என் அக்கா சங்கிலிக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் தருகிறேன், நகையைக் கொடுங்கள் என்று அவள் கேட்க முடியுமா? 2024 மார்ச் வரையிலான பத்தாண்டில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16 லட்சம் கோடிக்கு மேல், அதில் 9 லட்சம் கோடிக்கு மேல் பெரிய கம்பெனிகளுடையது என்று அரசாங்கமே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கினாலும் வசூல் தொடரும் என்கிறார்கள். எங்கள் பக்கம் வசூல் எப்படித் தொடரும் என்று எங்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே, எங்களைப் பார்த்து ஒரு பேச்சு. தேனிக்காரன் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவன் என்று டீக்கடையிலிருந்து டி.வி. வரை சொல்கிறார்கள். 300 ரூபாய் வாங்குவது தப்புத்தான், வாங்கியவர்களிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன். மலைக்கு ஒரு நாள் போனால் கிடைப்பதைவிடக் குறைந்த காசு அது. அதை வாங்கியவள் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், கோடி கொடுத்தவன் பெயர் மட்டும் மறைந்திருக்க வேண்டும் என்றால் அந்த அவமானத்தை நாங்கள் மட்டும் சுமக்க மாட்டோம்.

பத்திரம் ஒழிந்தது. இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் பணம் போகிறது. எந்தக் கம்பெனி அறக்கட்டளைக்குக் கொடுத்தது என்று தெரியும், அறக்கட்டளை எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்றும் தெரியும். பல கம்பெனிகளின் பணம் ஒரே பானையில் கலந்த பிறகு, எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்கு என்பது மட்டும் தெரியாது.

மச்சான் இப்போது மண்டிச் சீட்டு ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். தேர்தல் இல்லாத நாளிலும் எடுப்பதில்லை. போன வாரம் பஞ்சர் ஒட்ட நிறுத்தியபோது பார்த்தேன். 2019 சீட்டும் அதற்குள்தான் இருக்கிறது, எழுத்து மங்கிப்போய்.