துப்பும் தீர்ப்பும்

மாலை வேளையில் கும்பளங்கிப் பாலத்தருகே நம்மைச் சந்தித்த சங்கத்து அன்பர் ஒருவர், கையிலிருந்த பத்திரிகையை மடித்தபடியே ஒரு கேள்வி கேட்டார். “உளவு இலாகாவே ஒரு மனிதனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால், அதில் உண்மை இல்லாமலா போகும்?” நின்ற இடத்தில் விடை சொல்லத் தக்க கேள்வியன்று அது. ஆகவே, எழுதியே சொல்வதாக வாக்களித்து வீடு திரும்பினோம்.

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இந்தக் கேரளத்திலேயே, நம்மவர் ஒருவருடைய வாழ்விலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. திரு. நம்பி நாராயணன் 1941-ஆம் ஆண்டு பிறந்தவர், நாகர்கோவில்காரர், மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். நமது ராக்கெட்டுகளைத் தூக்கிச் செல்லும் ‘விகாஸ்’ என்னும் திரவ எரிபொருள் எஞ்சினை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. 1994-இல், அதனினும் அரிய கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்தின் பொறுப்பு அவர் கையில் இருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில், விசாக்காலம் கடந்தும் தங்கியிருந்தார் என்று மாலத்தீவுப் பெண்மணி ஒருவர் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். அந்தச் சிறு வழக்கு ஒரே மாதத்தில் தேசத்துரோக வழக்காக வளர்ந்தது. ராக்கெட் இரகசியங்களை அந்நியருக்கு விற்றார் என்ற குற்றச்சாட்டின் மேல் நவம்பர் 30-ஆம் தேதி நம்பி நாராயணனைக் கேரளப் போலீசார் கைது செய்தனர். மத்திய உளவு இலாகாவைச் சேர்ந்த உத்தியோகஸ்தர்களும் அவரைக் காவலில் வைத்து விசாரித்தனர். விசாரணை அறைக்குள் எழுந்த ஐயம், மறுநாட்காலையில் பத்திரிகையில் முடிந்த முடிபாக அச்சேறியது. சுமார் ஐம்பது நாட்கள் அவர் சிறையில் இருந்தார். வெளியே அவருடைய மனைவி மக்கள் பட்ட அவமானத்துக்குக் கணக்கில்லை.

அரசியல் உள்ளே புகுந்தது. அன்றைய முதல் மந்திரி கருணாகரன், இவ்விவகாரத்தில் பெயர் அடிபட்ட போலீஸ் உயர் அதிகாரி ஒருவரைக் காப்பாற்றுகிறார் என்று எதிர்க்கட்சியினர் முழங்கினர். அவருடைய கட்சியிலேயே எதிரணியினர் அதே ஆயுதத்தை ஏந்தினர். 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார். துப்பு மெய்யா பொய்யா என்று யாரும் தீர்மானிப்பதற்கு முன்பே, அது ஒரு மந்திரிசபையைக் கவிழ்த்துவிட்டது!

இதற்குள் வழக்கு மத்திய புலனாய்வுத் துறையினர் கைக்குப் போயிருந்தது. அவர்கள் சாட்சிகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்து, ஒற்று வேலை என்று ஒன்று நடக்கவேயில்லை என்று 1996-இல் எழுதிக் கொடுத்தனர். நமக்கு அண்டையிலுள்ள எர்ணாகுளம் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் அதை ஏற்று, குற்றஞ் சாட்டப்பட்டோரை விடுவித்தது. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரெல்லாம் கொதித்திருந்த நேரத்தில், தலைவர்கள் மேடைதோறும் பேசிவிட்ட ஒரு செய்தியை, ‘ஆதாரமில்லை’ என்று எழுதுவதற்கு மனத்திண்மை வேண்டும். அதற்குக் கிடைத்த மரியாதை யாது? அப்போது புதிதாகப் பதவிக்கு வந்திருந்த மாநில சர்க்கார், அத்துறையினருக்கு அளித்திருந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்று, தன் போலீசாரைக் கொண்டு மறுபடியும் விசாரிக்க ஆணையிட்டது. 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. இதற்கிடையே அந்த மாலத்தீவுப் பெண்மணியின் சிறைவாசம் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

2018 செப்டம்பர் 14-ஆம் தேதி, அவரது கைது தேவையற்றது என்று கூறி, நம்பி நாராயணனுக்கு ஐம்பது லட்ச ரூபாய் நஷ்டஈடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தது. இளமையோ உத்தியோக உயர்வோ வரவில்லை. அந்தக் கிரையோஜெனிக் எஞ்சினைத் தாங்கிய ராக்கெட் 2014 ஜனவரியில்தான் வெற்றியோடு பறந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோயன்று. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிரையன் ஜோன்ஸ் என்னும் பாதுகாப்பு உளவுத் துறை நிபுணர், ‘கையிலுள்ள துப்பு இவ்வளவு உறுதியாகப் பேச இடந்தராது’ என்ற கருத்துப்படத் தம் ஆட்சேபத்தை அப்போதே மேலிடத்துக்கு எழுதினார். அது எடுபடவில்லை. 2003-இல் போர் மூண்டது, ஆயுதங்கள் அகப்படவில்லை. உளவுத் துறையினர் இட்டிருந்த எச்சரிக்கைகளை அறிக்கை போதிய அளவு தெரிவிக்கவில்லை என்று 2004-இல் பட்லர் பிரபுவின் விசாரணைக் குழு கூறிற்று. அவ்வளவு பெரிய ராஜ்யத்தில் விடுபட்டுப் போனவை, ‘இருக்கலாம்’, ‘ஐயத்திற்கிடமுண்டு’ என்பன போன்ற சின்னஞ்சிறு சொற்களே.

அச்சொற்களின் விலையை நாமும் ஒருமுறை அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாக் கமிட்டியின் வரவு செலவைச் சரிபார்க்கும் வேலை நம்மிடம் வந்தது. ரயில்வே குமாஸ்தா என்றால் கணக்கில் கெட்டி என்று ஒரு நம்பிக்கை! ‘பந்தல் செலவுக்கான ரசீது ஒன்று காணப்படவில்லை, தேடப்பட்டு வருகிறது’ என்று எழுதிக் கொடுத்தோம். கமிட்டித் தேர்தல் நெருங்கிய சமயம் அது. பதவி விரும்பிய ஒருவர் நம் வாக்கியத்தின் முதற் பாதியை மட்டும் கூட்டத்தில் உரக்கப் படித்தார். பொருளாளர் தலைகுனிந்து எழுந்து போனார். நாமோ அதே கூட்டத்தில், மூன்றாம் வரிசையில், வாய் மூடி உட்கார்ந்திருந்தோம். பத்து நாட்களில் ரசீது பழைய ரசீதுப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து கிடைத்தது. கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்தார், சிரித்தார், அதன்பின் எந்தத் திருவிழாவுக்கும் அவர் வரவில்லை. முதற் பாதியைப் படித்தவர் செய்தது பிழை. மறு பாதியை எழுந்து படிக்காத நாம் செய்தது அதனினும் பெரிய பிழை என்பதே இன்றும் நம் எண்ணம்.

துப்பறிதல் தவறன்று, அஃதின்றி அரசு நடவாது. அதனால்தான் வள்ளுவரும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும் என்றும் அதிலேயே விதித்தார். அந்த அதிகாரத்துக்கு முன்னால் அவர் வைத்திருப்பது கண்ணோட்டம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

துப்பு என்பது விசாரணையின் தொடக்கம். தீர்ப்பு என்பது அதன் முடிவு. இரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம் உண்டு. பதவியில் இருப்போரும் பதவி தேடுவோரும் அத்தூரத்தை ஒரே தாவலில் கடக்க விரும்புவார்கள். தாவ விடாமல் மறிக்க வேண்டியவர் துப்புத் துலக்கும் உத்தியோகஸ்தரே. அவருக்கு அரணாகச் சட்டம் வேண்டும். 1887-இல் தோன்றிய நமது உளவு இலாகாவுக்கென நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இன்றளவும் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்து அக்கிரமங்களை ஆராய்ந்த ஷா கமிஷன், அந்த இலாகா அரசியல் காரியங்களுக்குப் பயன்பட்டதை 1978-லேயே எடுத்துக்காட்டிய பிறகும் நிலைமை அதுவே. பிரிட்டனில் 1989 முதல் சட்டம் உண்டு. இருந்தும் 2002-இல் தவறு நேர்ந்தது. ஆகவே சட்டத்தோடு, ‘இது எனக்கு உறுதியாகத் தெரியாது’ என்று எழுதும் நேர்மையும், அதைக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

வேற்றூரில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. புதிதாகக் குடிவந்தவன் மேலேயே ஊரின் கண் முதலில் விழும். நாளை உங்கள் அண்டை வீட்டாரைப் பற்றி யாரேனும் வந்து விசாரித்தால், கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் பாதியை ஒருவர் சபையில் படித்தால், தயவு செய்து எழுந்து நின்று மறு பாதியையும் படியுங்கள். பாலத்தருகே கேட்ட அன்பருக்கு நாம் தரும் விடை இவ்வளவே.