யானைக்குப் பட்டா உண்டா?

நீலகிரி மலையின் வடக்குக் காலடியில் சீகூர் என்று ஒரு பீடபூமி இருக்கிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் அங்கே போய்ச் சேரலாம். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் அங்குள்ள ஊர்கள். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மசினகுடிக்குப் போய் வந்த வாசகர்கள் பலர் இருப்பார்கள். விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "அதோ பார், யானை!" என்று குழந்தைக்குக் காட்டியும் இருப்பார்கள்.

அந்த விடுதி அங்கே நிற்கலாமா என்ற வழக்கு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கோர்ட்டுகளில் நடந்தது. ஒரு பக்கம் பட்டா வைத்திருப்பவர்கள். மறுபக்கம் பட்டா இல்லாத யானைகள்.

அந்த இடமே ஏன் வேண்டும்?

காடு எவ்வளவோ கிடக்கிறதே, யானை வேறு வழியில் போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். பூகோளத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். சீகூருக்குத் தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு. வடக்கே மாயாறு அறுத்துக்கொண்டு ஓடும் ஆழமான பள்ளத்தாக்கு. மேற்கே முதுமலைக் காடு. கிழக்கே சத்தியமங்கலக் காடு. மலையிலும் ஏற முடியாமல், பள்ளத்திலும் இறங்க முடியாமல், நடுவில் உள்ள நிலத்தின் வழியாகத்தான் யானைக் கூட்டம் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போய் வர முடியும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் அது.

வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும். ஒரே காட்டில் வருஷம் முழுதும் இருந்தால் காடும் மிஞ்சாது, யானையும் மிஞ்சாது. மழை பெய்த இடத்தில் புல், ஆறு வற்றாத இடத்தில் தண்ணீர் என்று அது நடந்துகொண்டே இருக்கவேண்டும். கூட்டத்தை நடத்திச் செல்லும் கிழ யானைக்கு அந்தத் தடம் மனப்பாடம். நடுவிலே வேலி முளைத்திருக்கிறது என்றால், அதற்காக அது வேறு பூகோளம் படிக்கப் போவதில்லை.

கோர்ட்டு சொன்னது

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் விரிவாகப் பேசுகிறது. யானை நடக்கும் வழிக்கென்று அதில் தனி அத்தியாயம் இல்லை. 2010 ஆகஸ்டில் தமிழக அரசாங்கம் சீகூர்ப் பகுதியை யானை வழித்தடம் என்று அறிவித்தது. அறிவிப்பு செல்லும் என்று 2011 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு கூறியது. விடுதிக்காரர்களும் மற்ற தனியார் நில உரிமையாளர்களும் மூன்று மாதத்தில் காலி செய்து, கலெக்டரிடம் நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

விடுதிக்காரர்கள் டில்லிக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 2018 ஆகஸ்டில் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14-ந் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. யானை வழித்தடத்தை அறிவிக்க மாநில அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, ஐகோர்ட்டு கூறியது சரி என்பதே தீர்ப்பு. தனிப்பட்டவர்களின் ஆட்சேபங்களைக் கேட்க, ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது.

தீர்ப்பு சரியானது என்றே நாம் கருதுகிறோம். சந்தேகப்படுகிறவர்கள் 2021 ஜனவரியை நினைத்துப் பார்க்கட்டும். மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். தலையில் தீயோடு அந்த யானை பிளிறிக்கொண்டு இருட்டில் ஓடிய காட்சியை நாடே பார்த்தது. யானை செத்துப் போயிற்று. யானையைப் பார்க்கத்தான் அங்கே விடுதி கட்டுகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சின்ன மனிதர் பாடு

ஆனால் சீகூரில் விடுதிக்காரர் மட்டும் இல்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு மானாவாரியாக ராகியும் காய்கறியும் போடுகிறவர் இருக்கிறார். சாணத்தைக் கேரளத் தோட்டங்களுக்கு விற்பதற்காகவே மாடு வளர்க்கிறவர் இருக்கிறார். இவர்களுக்கெல்லாம் முன்பே இருளரும் குறும்பரும் அங்கே இருக்கிறார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்கள் உரிமையை ஒப்புக்கொள்கிறது.

மின்சாரத்துக்காக அந்தக் காட்டைத் திறந்துவிட்டதும் அரசாங்கமேதான். பைக்காரா மின் நிலையம் 1932-ல் சிங்காராவில் ஓடத் தொடங்கியது. பிறகு மாயாறு மின் நிலையம் வந்தது. கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், கடை வந்தது, ஊர் பெருத்தது. வேலைக்கு வா என்று கூப்பிட்ட கைதான் இன்று வெளியே போ என்று காட்டுகிறது. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போவார்கள்?

நிலத்தைக் கையில் வைத்திருப்பதும் சுலபம் அல்ல. இந்தப் பகுதி 1991-ல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. 1949-ம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி, கமிட்டியின் முன் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. மரம் வெட்டவும் முடியாது. ஐம்பது அறை கட்டியவர் வக்கீல் வைத்து டில்லி வரை போனார். பெண்ணின் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்க நினைப்பவர் எந்த வக்கீலிடம் போவார்?

புலிகள் காப்பகத்தின் உள்ளிருந்து விருப்பத்தோடு வெளியேறும் குடும்பத்துக்கு 2008 முதல் 10 லட்ச ரூபாயும், 2021 முதல் 15 லட்ச ரூபாயும் என்று மத்திய அரசாங்கத்தின் திட்டம் இருக்கிறது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விவாதம். தொகை இன்னது என்று போகிறவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. யானைத் தடத்தில் இருக்கும் சிறு விவசாயிக்கும் அதைப்போல ஒரு கணக்கு வேண்டும்.

முதலில் வழித்தடத்துக்குள் வரும் சர்வே எண்களைத் தமிழில் அச்சடித்து மசினகுடி கிராம நிர்வாக அலுவலகத்தின் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, இங்கே உழலாமா, வேலி போடலாமா, வீட்டுக்கு ஓடு மாற்றலாமா, நிலத்தைக் கொடுத்தால் என்ன விலை என்று எழுதட்டும். விடுதி நிலத்துக்கு ஒரு பட்டியல், உழுகிற நிலத்துக்கு வேறு பட்டியல். ஆற்று ஓரமாக யானை அதிகம் கடக்கும் இடத்தில் உள்ள சின்னப் பட்டாக்களை முதலில் விலைக்கு வாங்கி, பணத்தை வங்கிக் கணக்கில் போட்ட பிறகு வேலியைப் பிடுங்கட்டும்.